கழட்டாத கட்டர்

— டேபிள்ல ஒரு ஓட்டை கூட இல்லையேம்மா! இரும்பைச் செதுக்குற மில்லிங் மெஷின், முப்பத்தோரு வருஷம்னு சொல்றீங்க. டிரில் தவறி இறங்குன பொட்டு ஒண்ணாவது இருக்கணுமே. உங்கப்பா இதுல வேலை செஞ்சாரா, இல்ல தொடச்சுத் தொடச்சு அழகு பாத்தாரா?

— வேலைதான் செஞ்சாரு. டிராக்டர், படகு, சர்ச் மணி, எதுக்குப் பாகம் கேட்டு வந்தாலும் செஞ்சு குடுப்பாரு. பாத்தாச்சுன்னா சீக்கிரம் முடிச்சுக்கலாமா சார்?

— சார் எல்லாம் வேண்டாம்மா, வெர்ன்னு கூப்பிடுங்க. கொஞ்சம் பொறுங்க. இந்தக் கைப்பிடியை இப்படித் திருப்பி, அப்படியே திரும்ப வரணும். நடுவுல எவ்வளவு சும்மா சுத்துதுன்னு பாக்கணும்... பாருங்க! ஒரு நூல்தான் ஆடுது. எங்க ஃபேக்டரி மெஷினெல்லாம் கால் சுத்து ஆடும்.

— அங்கதான் வேலையா இன்னும்?

— மார்ச்சுல பூட்டிட்டாங்க. இருபத்தாறு வருஷம். பார்க்கிங்ல ஒரு சாண்ட்விச் குடுத்து அனுப்பிட்டாங்க. அம்பத்து மூணு வயசுல எவன் எனக்கு வேலை குடுப்பான்? வீட்டு கராஜைக் காலி பண்ணி, கரண்டு லைன் இழுத்து வச்சிருக்கேன். டிராக்டர் கடைக்காரன் ஒருத்தன் வேலை தர்றேன்னிருக்கான். மெஷின் மட்டும்தான் பாக்கி. தேஞ்சு போனதை வாங்கிட்டா என் பொழப்பு அத்தோட சரி. அதான் இப்படி நோண்டுறேன்.

— நோண்டுங்க. ஆனா அந்த மாட்டியிருக்கிற கட்டரை மட்டும் தொடாதீங்க.

— ஏன், அதுல என்ன?

— ஒண்ணுமில்ல. கடைசியில பாத்துக்கலாம்.

— சரி... ஆமா, இந்த எண்ணெய்? விரல்ல ஒட்டுது பாருங்க, புத்தம் புதுசு. இன்னிக்குக் காலையில விட்டது. விளம்பரத்துல "காலமானவர் உடைமை"ன்னு போட்டிருந்தீங்களே. காலமானவரா வந்து எண்ணெய் விட்டுட்டுப் போனாரு?

— அப்பா உள்ளதான் இருக்காரு. உயிரோடதான்.

— ஐயய்யோ! ஏம்மா இப்படி?

— செத்துட்டாருன்னா யாரும் ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. எடை கேட்டு, டிரெய்லர் கொண்டாந்து, எடுத்துட்டுப் போயிடுவாங்க. உங்களை மாதிரி விரலைத் தேய்ச்சுப் பாக்குற ஆளு வருவாருன்னு நான் நினைக்கல.

— உயிரோட இருக்கிற ஆளோட மெஷினை அவரு கையைக் குலுக்காம நான் எடுக்கமாட்டேம்மா. எங்க ஷாப்புல யாரும் எடுக்க மாட்டாங்க. அவருக்கு விக்கச் சம்மதமா?

— சம்மதம்தான். அந்த உத்தரத்தைப் பாத்தீங்களா? உங்க தலைக்கு மேல.

— பாத்தேன். மரம் பிளந்திருக்கு. ஏதோ வேகமா வந்து அடிச்சிருக்கு... ஸ்பேனரா?

— எப்படிச் சொல்றீங்க?

— கட்டரை இறுக்குற போல்ட்டு மெஷின் மண்டையில இருக்கு. இறுக்கிட்டு ஸ்பேனரை எடுக்காம சுவிட்சைப் போட்டா, அது மோட்டாரோட சேந்து சுத்தி எகிறிடும். இந்தத் தொழில்ல முதல் நாள் சொல்லித் தர்றது அதான். மாட்டின கைதான் எடுக்கணும். யாருக்கும் அடி படலையே?

— உத்தரத்துல பட்டுத் திரும்பினது அம்மா மேல பட்டுச்சு. ஜூலையில. அப்பாவுக்குக் காப்பி எடுத்துட்டு வந்து அந்த வாசல்ல நின்னாங்க. இடது கண்ணு போச்சு.

— அடக் கடவுளே.

— அப்பாவுக்கு மறதி. அவரே சொன்னாரு, ஸ்பேனரை மாட்டினது மறந்து போச்சுன்னு. எழுபத்தெட்டு வயசு. டாக்டரும் தலையை ஆட்டினாரு. கார் சாவியை வாங்கி வச்சிட்டோம். அம்மா ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் ஒரே வார்த்தை சொன்னாங்க. இந்த வீட்டுல ஒண்ணு அந்த மெஷின் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்னு. இப்பப் போதுமா உங்களுக்கு?

— மன்னிச்சுக்கோங்கம்மா. கேட்டிருக்கக் கூடாது.

— கூப்பிடுறேன் இருங்க, பேரு எமில் ஹ்ருஷ்கா. கையைக் குலுக்கிட்டு முடிங்க... அப்பா! மெஷின் பாக்க ஆள் வந்திருக்கு!

— கத்தாத லொரெட்டா, அம்மா தூங்குறா. யாரு, இவரா? வாப்பா தம்பி. கைப்பிடி ஆட்டம் பாத்தியா?

— பாத்தேங்கய்யா. ஒரு நூல்தான்.

— அரை நூல்! சரியாப் பாரு. கண்ணு, நீ போய் கீழே இருந்து கட்டர் பெட்டியை எடுத்துட்டு வா. சிவப்புப் பெட்டி. பச்சையில இருக்கிறது எல்லாம் மழுங்கல்.

— நீங்க எதையும் சுவிட்ச் போட்டுடாதீங்கப்பா. வெர்ன், பாத்துக்கோங்க.

— போடலம்மா, போ... போயிட்டாளா? கேளு தம்பி, என்ன கேக்கணுமோ கேளு.

— அய்யா, பெல்ட்டு மாத்தி எவ்வளவு நாளாச்சு?

— போன வருஷம் நவம்பர், முதல் சனிக்கிழமை. மோட்டார் பேரிங் அதுக்கு முந்தின வருஷம். ரெண்டாவது கியர்ல லேசா ஒரு சத்தம் வரும், பயப்படாத, அது பிறவியிலேயே அப்படி.

— மறதின்னு சொன்னாங்க.

— ஆங்... அது... வரும், போகும்.

— அந்த ஆணியில தொங்குறது என்னங்கய்யா? போல்ட்டு ஸ்பேனரா? ஒரு நிமிஷம்... உள்ள ஸ்பிரிங் வச்சிருக்கீங்களே!

— எண்பத்தேழுல செஞ்சது. அப்ப வேலை பாத்த இடத்துல பக்கத்து மெஷின்காரன் தாடை பேந்துச்சு, அன்னிக்கு ராத்திரியே உக்காந்து செஞ்சேன். கையால அமுக்கிப் பிடிச்சாத்தான் போல்ட்டுல நிக்கும். கையை எடுத்தா தானா எகிறிக் கீழே விழுந்துடும். நீயும் ஒண்ணு செஞ்சுக்க. இல்ல, இதையே எடுத்துட்டுப் போ.

— அப்ப இதை மாட்டிட்டு மறக்கவே முடியாது.

— முடியாது.

— வேற ஸ்பேனர் வச்சு இறுக்குவீங்களா?

— முப்பத்தோரு வருஷமா இல்ல... தம்பி, நீ மெஷின் வாங்க வந்தியா, கேஸு விசாரிக்க வந்தியா?

— அன்னிக்குப் பறந்தது வேற ஸ்பேனர். வேற கை மாட்டினது. சரிங்களா?

— மெல்லப் பேசுடா! கீழ்ப்படி வரைக்கும் கேக்கும்.

— லொரெட்டாவா?

— எட்டு வருஷம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கல அவ. அம்மாவுக்கும் பொண்ணுக்கும் ஒரு கல்யாணத்துல சண்டை, என்ன சண்டைன்னு இப்ப ரெண்டு பேருக்குமே தெரியாது. ஜூலையில வந்தா. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்னு வந்தா. அவ அம்மா இரேனோட மாவு மிக்ஸர் தண்டு உடைஞ்சிருந்துச்சு, நான் செஞ்சு தர்றேம்மான்னு இங்க வந்தா. சின்ன வயசுல நான் பழக்கினதுதான். இந்த ஸ்பேனர் என் பாக்கெட்டுல இருந்துச்சு, அவ தன் கார்ல இருந்த சாதாரண ஸ்பேனரை எடுத்துட்டு வந்து கட்டரை இறுக்கினா. அதுக்குள்ள போன் வந்துச்சு, வெளியே போனா.

— நீங்க வந்து சுவிட்ச் போட்டீங்க.

— நான்தான் போட்டேன். எப்பவும் மேல பாத்துட்டுத்தான் போடுவேன். அன்னிக்கு ஜன்னல் வழியா அவளைப் பாத்துக்கிட்டே போட்டேன். வந்துட்டாளே, வந்துட்டாளேன்னு அதே நினைப்பு. பாதித் தப்பு என்னுது தம்பி. மீதிப் பாதியையும் நானே எடுத்துக்கிட்டேன், அவ்வளவுதான்.

— லொரெட்டாவுக்கு அது தெரியாதா?

— நீ வெளியே போனப்புறம் உன் கட்டரைக் கழட்டி வேற மாட்டினேன், அப்ப நான்தான் ஸ்பேனரை விட்டுட்டேன்னு சொல்லிட்டேன். நம்பிட்டா. இரேன் என்னை மன்னிப்பா, நாப்பத்தாறு வருஷமா அதே வேலைதான் அவளுக்கு. பொண்ணை மன்னிக்க மாட்டா. இவளும் நிக்க மாட்டா, மறுபடி கிளம்பிடுவா. இப்பப் பாரு, மூணு மாசமா இங்கயே இருக்கா. ரெண்டு பேரும் சேந்து கசகசா போட்ட ரொட்டி சுடுறாங்க. அந்த வாசனைக்கு நான் ரெண்டு மெஷின் குடுப்பேன்.

— என்னால இதை எடுத்துட்டுப் போக முடியாதுங்கய்யா. மனசு வரல.

— எடுக்கத்தான் வேணும். நீ எடுக்கலேன்னா பழைய இரும்புக்காரன் எடுப்பான். எண்ணெய் தொட்டுப் பாக்குற ஆளுகிட்ட போகட்டும். ஒரு சத்தியம் பண்ணு. அவகிட்ட மூச்சு விடக் கூடாது.

— ... பண்றேன்.

— கையைக் குடு... இதோ வந்துட்டா. பெட்டி கனமா இருக்கா கண்ணு? ஆமா, இவரு யாரு? என்ன வேணுமாம்?

— வெர்ன்ப்பா. இப்பத்தானே பேசிக்கிட்டு இருந்தீங்க.

— அப்படியா? சரி, சரி. மணி மூணு அஞ்சு ஆச்சு, உங்கம்மாவுக்குக் கண்ணு மருந்து விடணும். நான் உள்ளே போறேன்.

— பாத்துப் போங்கப்பா... கையைக் குலுக்கியாச்சா வெர்ன்?

— ஆச்சும்மா.

— ஏதாவது சொன்னாரா?

— ரெண்டாவது கியர் சத்தம் போடும்னாரு. நாளைக்குப் பத்து மணிக்கு டிரெய்லரோட வர்றேன்.

— வாங்க. போறதுக்கு முன்னாடி ஒரு வேலை. அந்த ஸ்பிரிங் ஸ்பேனர் உங்க கையில இருக்குல்ல? அந்தக் கட்டரைக் கழட்டி எங்கிட்ட குடுத்துடுங்க.

— இதையா? இது சும்மா கால் இன்ச் கட்டர்மா. உங்களுக்கு எதுக்கு?

— மிக்ஸர் தண்டுக்கு நான் மாட்டினது. அப்பா அதை மாத்தவே இல்ல, வெர்ன். ஜூலையில இருந்து தினம் காலையில, அவரு எண்ணெய் விட வர்றதுக்கு முன்னாடி நான் வந்து பாத்துட்டுப் போறேன்.