இரண்டாவது சுற்று

என் ஹாட் யோகா வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் துண்டு எடுத்துவர மறந்துவிடுவார்கள். நாற்பது டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் வியர்த்துக் கொட்டப்போகிறது என்று தெரிந்தும் வெறுங்கையை வீசிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்காகவே பத்துத் துண்டு துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருப்பேன். நான் பொறுப்பில்லாதவள் என்று மட்டும் நீங்கள் எழுதிவிடக் கூடாது, மேடம். அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

என் தங்கை ஒருநாளும் துண்டை மறந்ததில்லை. இளைப்புக்கு உறிஞ்சுகிற பஃப்பை அதற்கடியில் ஒளித்து வைக்க வேண்டுமே. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இளைப்பு. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் சத்தம் வரும் என்பதால் வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். பூனைக்கு ஆகாது என்று ஜன்னலைத் திறக்க மாட்டோம். பூனை பின்னாலேயே ஓடிவரும் என்று என்னை ஓட விடமாட்டார்கள். பள்ளி நீச்சல் அணியில் எனக்கு இடம் கிடைத்தபோது காலையில் கொண்டுபோய் விட ஆளில்லை. அந்த நேரத்தில்தான் பூனைக்கு மருந்து ஆவி பிடிக்க வேண்டும். "உனக்கென்னம்மா, நீ நல்லாத்தானே இருக்க?" என்பாள் அம்மா. அது உண்மைதான், நான் நன்றாகத்தான் இருந்தேன். ஒழுங்காக மூச்சு விடுவது ஒன்றுதான் என் பங்குக்கு வந்தது. அதை வைத்தே பிழைக்கவும் கற்றுக்கொண்டேன்.

அவளை நான் கூப்பிடவில்லை. மூன்று மாதத்துக்கு முன் அவளாகத்தான் வந்து நின்றாள். "அக்கா, எனக்கும் சொல்லிக்குடு. எத்தன நாளைக்குத்தான் இந்த பஃப்பக் கட்டிக்கிட்டு அழறது?" டாக்டரிடம் கேட்டாயா என்றேன். "அவரு வேணாம்னுதான் சொல்வாரு. அதான் நீ இருக்கல்ல?" என்றாள்.

எங்கள் வகுப்பு கபாலபாதியில் முடியும். மண்டியிட்டு உட்கார்ந்து, வயிற்றை எக்கி எக்கி மூச்சை மூக்கால் வெளியே தள்ள வேண்டும். ஒரு சுற்றுக்கு அறுபது, மொத்தம் இரண்டு சுற்று. நான் கைதட்டி எண்ணுவேன். என் தட்டுக்குத்தான் இருபத்திரண்டு பேரும் மூச்சு விடுவார்கள். பூனை இருபதிலேயே வாயைத் திறந்துவிடுவாள், கை துண்டுக்கடியில் போய்விடும். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், முதுகைத் தடவிவிட்டார்கள். வங்கியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி முன்வரிசையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து பாயை விரித்துக்கொண்டாள்.

போன வாரம் பூனை முதல் சுற்றை வாய் திறக்காமல் முடித்தாள். மொத்த அறையும் கைதட்டியது. எட்டு வருடமாக அதே அறையில் நான் அறுபதுக்கு அறுபது ஊதுகிறேன், ஒருவரும் தட்டியதில்லை. நன்றாக இருப்பவளுக்கு எதற்குத் தட்ட வேண்டும்? மாலையில் அம்மா போனில் அழுதாள். "என் பிள்ள பஃப் இல்லாம அறுபது ஊதிட்டாளாமே. நீ ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" நானும் சந்தோஷப்பட்டேன். உண்மையாகவேதான். என் மாணவி அல்லவா.

நேற்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். ஆசனங்களைத் திருத்த வரிசையில் நடந்தபோது, அவள் துண்டைச் சரிசெய்வதுபோல் குனிந்து பஃப்பை எடுத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நீங்கள் கேட்டதும் மேஜைமேல் எடுத்து வைத்தேனே, அதுதான். கைத்தவறுதல் என்று வாக்குமூலத்தில் எழுத வேண்டாம். அது பக்கத்தில் இருக்கும்வரை அவள் முழுதாகத் தேறமாட்டாள். சொல்லிக்கொடுப்பவளுக்கு அதைப் பார்க்கும் கடமை உண்டு.

முதல் சுற்றை முடித்தாள். இரண்டாவது சுற்றில் முப்பதைத் தாண்டும்போது கை துண்டுக்கடியில் போனது. துண்டை உதறினாள், பாயைப் புரட்டினாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை, மேடம். அக்கா இருக்கிறாள் என்றுதான் பார்த்தாள். நான் தட்டுவதை நிறுத்தவில்லை. "மூக்கால. மூக்கால மட்டும்," என்று சொல்லிக்கொண்டே அறுபது வரை எண்ணினேன்.

பிறகு விளக்கை அணைத்து, "எல்லாரும் கண்ண மூடி அப்படியே படுங்க," என்றேன். சவாசனம், பத்து நிமிடம். அந்த நேரத்தில் யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது, அசையக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வகுப்பு முடிவில் எல்லோருக்கும்தான் இரைக்கும். பக்கத்துப் பாயில் சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் கிடையாது. அந்த வங்கிப் பெண் ஒரு கை தூரத்தில்தான் படுத்திருந்தாள். பாவம், அவளைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம். வரவர மெலிந்துகொண்டே போனது. கதவுக் கண்ணாடி வழியே வந்த வெளிச்சத்தில் அவள் உதடு நீலம் பாய்வது தெரிந்தது. பாதியில் எழுப்பினால் மற்ற இருபத்தோரு பேருக்கும் படபடப்பு வருமே என்று நினைத்தேன். பத்து நிமிடம் முடிந்த பிறகுதான் விளக்கைப் போட்டேன்.

அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் நான். அந்தச் சத்தம் இனி இந்த உலகத்தில் எங்கேயும் கேட்காது என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அம்மா ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் பூனையின் முகத்தை மூடிவிட்டார்கள். அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நீயும் அந்தச் சூட்டுலதானே இருந்த? எப்படி இரைக்குது பாரு. முதல்ல உக்காரு கண்ணு," என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் நின்று முதுகைத் தடவினாள். "உனக்கும் ஏதாவது ஆயிட்டா நான் என்னடி பண்ணுவேன்?"

எனக்கு இரைக்கவே இல்லை, மேடம். அம்மா படியேறி வருவதைப் பார்த்ததும் நானாகத்தான் இரைக்கத் தொடங்கினேன். அவள் கை என் முதுகில் இருந்தவரை நிறுத்தவில்லை.