இடது பக்க சீட்

"மச்சான், நீ அந்தப் பக்கம் குந்து. காத்து ஜிலுஜிலுன்னு வரும்."

"சரி மாப்ளே."

"கதவ மெள்ள சாத்து. நேத்து தான பெயிண்ட் அடிச்சிகீறோம்."

"சரி மாப்ளே."

இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால், அந்தக் கார் முதல் தடவையாகத் தெருவில் இறங்கிய நாளில் எனக்கும் என் தங்கை புருஷன் பூபாலனுக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். காற்று உண்மையிலேயே நன்றாக வந்தது.

மேடம், வண்டியை விடுவிக்கிற தாளில் கையெழுத்துப் போடத்தான் என்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னீர்கள். அதற்கு முன்னால் கொஞ்சம் பேசிவிடுகிறேன். இந்த ஒரு மாதத்தில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். எனக்கும் களைப்பாக இருக்கிறது.

என் பெயர் உங்கள் கோப்பில் இருக்கும். பால்ராஜ், வயது அறுபத்து நான்கு. ஆவடியில் பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் ஃபிட்டராக இருந்தேன். மனைவி போன பிறகு முத்தாபுதுப்பேட்டையில் தனியாக இருக்கிறேன். எனக்கு என்று இருப்பது தங்கை புஷ்பா ஒருத்திதான். பூபாலன் பூந்தமல்லியில் டைல்ஸ் கடை வைத்திருந்தார்.

அந்தக் காரைத் திருவள்ளூர் பக்கம் ஒரு ரைஸ் மில் கொட்டகையில் கண்டுபிடித்தவர் அவர். இரண்டே பேர் உட்காரும், கூரை இல்லாத வண்டி. அறுபத்திரண்டாம் வருடம் வெளிநாட்டில் செய்தது. நாங்கள் பார்த்தபோது சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. எஞ்சினைப் பிரித்து, கழுவி, பிஸ்டன் மாற்றி, கியர்பாக்ஸுக்குள் தேய்ந்த பல்லையெல்லாம் மாற்றி, மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் வேலை செய்தேன். அவர் டார்ச் பிடித்தார், டீ வாங்கி வந்தார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. டார்ச் பிடிக்கவும் ஆள் வேண்டும்.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகு ஸ்டியரிங்கை அவர்தான் பிடித்தார். நான் ஒரு தடவை கூட ஓட்டியதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரே என்று நீங்கள் நினைக்கலாம். கொடுத்திருப்பார். ஆனால் எஞ்சினை உயிர்ப்பித்தவன் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை, எதிரில் இருப்பவருக்கே அது தோன்ற வேண்டும் என்று நான் நினைத்தேன். ஒரு வாரம் காத்திருந்தேன். அப்புறம் ஒரு வருடம். அப்புறம் காத்திருக்கிறேன் என்பதே பழகிவிட்டது.

பிள்ளைகள் படித்து வெளியூர் போனதும் புஷ்பா ஞாயிறுகளில் அவரோடு கிளம்பத் தொடங்கினாள். இரண்டு சீட் வண்டிதானே. நான் பைக்கில் பின்னால் போவேன். திருவேற்காடு கோயில் வரைக்கும் போவார்கள். வழியில் அவர் மல்லிகைப்பூ வாங்கி, அவள் தலையில் வைக்காமல் கண்ணாடியில் சுற்றுவார். இவள் பிடுங்குவாள். நடுரோட்டில், ஐம்பத்தைந்து வயதில். வீட்டுக்குத் திரும்பினால் அவள் தலைமுடி சிக்கு எடுக்க அரை மணி நேரம் ஆகும். சிரித்துக்கொண்டேதான் எடுப்பாள். கஷ்டத்தை வெளியே காட்டுகிற சுபாவம் இல்லை அவளுக்கு. இந்த வெயிலும் புழுதியும் என் தங்கைக்கு எதற்கு என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அப்போதுதான். நான் செய்ததை அவள் நிம்மதிக்காகவே செய்தேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலையில் நசரத்பேட்டை தாண்டி ஒரு டீக்கடையில் கூடுவார்கள். போன வருடம் அங்கே சரண் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். கொரட்டூர்க்காரர், முப்பது வயதிருக்கும், கம்ப்யூட்டர் வேலை. அவரிடம் பழைய கார் எதுவும் கிடையாது, பார்க்க வந்தவர். மூன்றாவது வாரம் பூபாலன் சாவியைத் தூக்கி அவரிடம் போட்டார்.

"புடி தம்பி. திருமழிசை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிகினு வா."

"அங்கிள், நெஜமாவா?"

"பின்ன இன்னா, உன்ன ஏமாத்தி எனக்கு இன்னா ஆவப்போவுது. போ நைனா."

இருபது நிமிடத்தில் சரண் திரும்பி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "கியரு சும்மா வழுக்கிகினு விழுது அங்கிள்" என்றார்.

"எல்லாம் நம்ம மச்சான் கை வேல" என்று பூபாலன் என் தோளில் தட்டினார்.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. கையிலிருந்த டீ ஆறிப் போயிருந்தது, அவ்வளவுதான். வேறொன்று வாங்கிக் குடித்தேன்.

அதற்கப்புறம் மழை வந்தது. அந்த வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தண்ணீர் உள்ளே போய்விட்டால் ஒரு பக்கமாக இழுக்கும். குமணன்சாவடி அருகே ஒரு ஷேர் ஆட்டோவை உரசப் பார்த்துவிட்டு பூபாலன் நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், எல்லாரும் முன்னாடி டிஸ்க் பிரேக் மாத்திகினாங்க. நாம மட்டும் இன்னும் டிரம்ம கட்டிகினு அழுவுறோம். மாத்திடலாமா?"

கேட்டது அவர்தான். நானாக யோசனை சொல்லவில்லை.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது மேடம், எளிமையாகவே சொல்கிறேன். டிரம் பிரேக்கில் நீங்கள் லேசாக மிதித்தாலும் சுற்றுகிற டிரம்மே உள்ளே இருக்கும் கட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பாதி வேலையை அதுவே செய்துவிடும். டிஸ்க் அப்படி இல்லை. நன்றாக நிற்கும், மழையிலும் நிற்கும், ஆனால் நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான் பிடிக்கும். அதனால்தான் இந்தக் காலத்து வண்டிகளில் காலுக்கு உதவியாக பூஸ்டர் என்று ஒன்று வைக்கிறார்கள். நல்ல கால் உள்ளவர்களுக்கு அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பூபாலனுக்குச் சர்க்கரை. முந்தின வருடம் வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கூடவே இருந்தது நான்தான். அப்புறம் அந்தக் காலில் உணர்ச்சியே சரியாக இல்லை. கடையில் செருப்பு கழன்று விழுந்தால் கூட அவருக்குத் தெரியாது. டிரம் பிரேக் என்பதால்தான் அவரால் வண்டியை ஓட்ட முடிந்தது. இது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அளவு எடுக்காமல் நான் எந்த வேலையையும் தொட மாட்டேன், அது தொழிற்சாலைப் பழக்கம். எடை பார்க்கும் மெஷினைச் சுவரில் சாய்த்து வைத்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வலது காலால் முடிந்த மட்டும் உதைக்கச் சொன்னேன். புஷ்பா வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"இன்னாண்ணா, அவர மாடு கணக்கா ஒதைக்க வுட்டுகினுகீற?"

"பிரேக்குக்கு அளவு எடுக்கறேம்மா."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தார். முள் பதினெட்டு கிலோவில் நின்றது. அப்புறம் நான் உதைத்துப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியது.

பூஸ்டர் வாங்கி வைத்திருந்தேன். அட்டைப்பெட்டியோடு இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். "அத வெச்சா பானெட்ட தொறந்தா அசிங்கமா தெரியும் மாப்ளே" என்று சொன்னேன். அசிங்கமாகத்தான் தெரியும். அழகு முக்கியம், வேண்டாம் என்று முடிவெடுத்தது அவர். பெடலை மிதிக்கிற அழுத்தத்தைச் சக்கரத்துக்கு அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு அளவு கிடைத்தது. சின்னது போட்டால் காலுக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். நான் பெரியதைப் போட்டேன்.

ஐந்து ஞாயிறு ஆனது. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் உட்கார்ந்து பிராக்கெட்டுகளைக் கடைந்தேன். ஒரு நூலளவு பிசகில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. கடைசியில் பைப்பிலிருந்து காற்றை வெளியேற்ற ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். அவர் உட்கார்ந்தார். நான் சக்கரத்தருகே கீழே உட்கார்ந்தேன்.

"கல்லு மாதிரி கீது மச்சான்."

"புது பிரேக்கு அப்டிதான் இருக்கும் மாப்ளே. ஓட ஓட எளகிடும்."

இளகாது. இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் இதுதான்.

தெருவுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். மெதுவாகப் போகும்போது பதினெட்டு கிலோ போதும். "ஜம்முனு நிக்குது மச்சான்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை புஷ்பாவுக்கு போன் செய்து, உடம்பு சரியில்லை, காலையில் வந்து மீன் குழம்பு வைத்துக் கொடு என்றேன். அவள் மறுநாள் ஆறரை மணி பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். பூபாலன் தனியாகப் புறப்பட்டார். நசரத்பேட்டையில் மேம்பாலத்தை விட்டு இறங்குகிற சரிவும், கீழே சிக்னலில் வரிசையாக நிற்கிற பஸ்களும் உங்களுக்குத் தெரியும். நடந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் மிதித்திருக்கிறார். வண்டி கொஞ்சம் வேகம் குறைந்திருக்கிறது, போதவில்லை. இடது பக்கம் ஒடித்து மணல் குவியலில் ஏற்றியிருக்கிறார். பழைய வண்டிக்கு பெல்ட் கிடையாது. வண்டிக்கு ஒரு விளக்கு உடைந்து பம்பர் வளைந்ததோடு சரி. அவரைத்தான் தூக்கி மதகுச் சுவரில் அடித்துவிட்டது. கடைசி நேரத்திலும் பஸ்ஸில் நின்றவர்கள் மேல் விடாமல் திருப்பினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நல்ல டிரைவர்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை.

போன் வந்தபோது புஷ்பா கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பை அணைத்து, குழம்பை மூடி வைத்துவிட்டுத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வண்டியைச் சோதித்த அதிகாரி திடகாத்திரமான ஆள். அவர் மிதித்தால் ஏன் நிற்காது? பிரேக் மிக நல்ல நிலையில் இருந்தது என்று எழுதிக் கொடுத்தார். அந்த அறிக்கையை நான் இரண்டு தடவை படித்தேன். வேலை தெரிந்த மனிதர்.

புஷ்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. "நான் கூடப் போயிருந்தா ஹேண்ட் பிரேக்கையாவது இழுத்திருப்பேனேண்ணா" என்று என்னிடமே சொல்லிச் சொல்லி அழுகிறாள். கொஞ்ச நாளில் சரியாகிவிடும். அவளுக்கு இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் ஓய்வு கிடைக்கும்.

நேற்றுக் காலை அவள் வேறொன்று சொன்னாள்.

"அண்ணா, அந்த வண்டிய சரணுக்கே குடுத்துடலாம்னுகீறேன். அந்தப் புள்ளன்னா அவருக்கு உசுரு. நம்மூட்ல யாரு ஓட்டப்போறா?"

நான் சாப்பாட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"உனக்குதான் அதுல ஆசையே கெடையாதே. இத்தினி வருசத்துல ஒரு நாளாவது வாயத் தொறந்து கேட்டுகீறியா?"

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்புகிறாள். அவரும் அப்படித்தான் நம்பியிருப்பாரோ என்று நேற்றுதான் முதல் தடவையாகத் தோன்றியது. தோன்றி என்ன பயன். அதைப் பற்றி யோசிக்க என்னிடம் தெம்பில்லை.

ஆகவே, பூபாலனைக் கொன்றது நான். குடித்துவிட்டோ கோபத்திலோ செய்யவில்லை. அளந்து, கடைந்து, பொருத்திச் செய்தேன். என் தங்கைக்காகச் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

சரண் பதினோரு மணிக்கு வண்டியை எடுக்க இங்கே வருவார். இப்போது பத்தே கால். நான் சொன்னதைக் கேட்ட பிறகு நீங்கள் வண்டியை அவரிடம் கொடுப்பீர்களோ, கேஸ் முடிகிற வரைக்கும் இங்கேயே நிறுத்துவீர்களோ, எனக்குச் சட்டம் தெரியாது. எப்படியும் நான் மறுபடி அதன் பக்கத்தில் போகப்போவதில்லை.

இந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே போதும் மேடம். ஒரு கான்ஸ்டபிளைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவை, நான் அதை ஓட்டிப் பார்க்கட்டுமா?