வீரபத்திரன் ஐயாவின் கைராசி

அவைத் தலைவர் பொன்னையா பிள்ளை அவர்களே! மேடையிலுள்ள கங்காணிமார்களே! கொட்டகலைக் கடைவீதிப் பெரியோர்களே! மழையென்றும் பாராமல், கைப்பிள்ளைகளைக் கம்பளிக்குள் பொத்திக்கொண்டு லயத்து வரிசை வீடுகளிலிருந்து இறங்கி வந்திருக்கும் தாய்மார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் ராமநாதன் நான். எனக்கு மேடைப் பழக்கமில்லை, கசப்பு மருந்து கொடுத்துத்தான் பழக்கம். இன்றைக்கும் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மைப்பால் குத்தும் வீரபத்திரன் ஐயா போய்விட்டார்! ஸ்டேஷனில் மருந்துப் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அட்டைக்கடியோடு மலையேறி வந்த கால்கள் ஓய்ந்துவிட்டன. இனி யார் நம் வாசலில் நின்று, "அடியே, புள்ளையைத் தூக்கிட்டு வாங்கடி" என்று அதட்டப் போகிறார்கள்?

பெரியம்மை வந்த அந்த வருஷம் உங்களில் பலருக்கு மறந்திருக்காது. மேட்டு லயத்தில் தொட்டில் இல்லாத காம்பரா அறை கிடையாது. அம்மை போனபிறகு எத்தனை தொட்டில் வெறுமனே தொங்கியது! இந்தக் குளிரில் வேப்பமரம் ஏது? ஐயா மாத்தளைப் பக்கம் ஆள் அனுப்பி வேப்பிலை வரவழைத்தார். ஆத்தா வந்த வீட்டு நிலையில் அவரே அதைச் செருகிக் கும்பிட்டார். அப்புறம் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். "ஆத்தா வந்த வீட்டுக்குக் கும்பிடு, வராத வீட்டுக்கு மருந்து. ரெண்டும் அவ கொடுத்ததுதான்" என்பார். அந்தச் சொல்லை யாரால் மறுக்க முடிந்தது?

மறுத்தவர்களும் உண்டு. அதோ, மூன்றாம் வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறாரே அழகம்மை, அவரைத்தான் சொல்கிறேன்! கைப்பிள்ளையைக் கொழுந்துக் கூடைக்குள் படுக்கவைத்து, மேலே இலையைத் தூவி, ஐயா முன்னாலேயே நடந்து போனவர். கூடை தும்மியது. ஐயா சிரிக்காமல் கேட்டார்: "என்ன அழகம்மை, இன்னைக்குக் கொழுந்துக்குச் சளியா?" அந்தக் கூடைப் பிள்ளைக்கு இன்று கல்யாணமாகி, அவன் மனைவி நாகலெட்சுமி மடியில் ஒரு குழந்தை தூங்குகிறது. சிரியுங்கள், சிரியுங்கள். ஐயா இருந்தால் அவரும் சிரிப்பார்.

அந்தத் துளி மருந்து கன்றுக்குட்டியிடமிருந்து எடுப்பது. "பசு கொடுத்த வரம்" என்று ஐயா கையெடுத்துக் கும்பிடுவார். அதைச் சீமையிலும் குத்துகிறார்கள், சீனத்திலும் குத்துகிறார்கள். அரண்மனைக்குள் புகுந்து ராஜா மகனையே கொண்டுபோன நோய், இன்று எத்தனையோ தேசங்களில் ஊருக்குள் நுழைய வழியில்லாமல் நிற்கிறது. பங்களாவில் துரை மகன் கையில் இருக்கும் தழும்புதான் நம் லயத்துப் பிள்ளை கையிலும் இருக்கிறது. இந்த முப்பத்தேழாம் ஆண்டில், தோட்டத்தில் இரண்டு பேருக்கும் ஒன்றுபோலக் கிடைத்த பொருள் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

இனி கசப்பு.

தலைவர் அவர்கள் சற்று முன்பு, "அவர் கைராசி யாருக்கு வரும்!" என்றார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை புது மருந்து வந்தது. மருத்துவச்சி சிசிலி அம்மாள் காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் காத்திருந்தார். ஒரு பிள்ளைகூட வரவில்லை! "ஐயாவோட கைராசியும் போச்சு. தாலி இழந்தவ கையால குத்தினா ஆத்தாளுக்கு ஆகுமா?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பேச்சு. கீழே ஒரு ஊரில் அம்மை கண்டிருப்பதாகச் சேதி வந்திருக்கிறது. அது நம் மலைக்கு ஏறி வரும்போது கைராசி பார்த்தா வரும்?

சிசிலியம்மா, தலையைக் குனியாதீர்கள். நான் சொல்லத்தான் போகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பே ஐயாவின் வலது கை நடுங்கத் தொடங்கிவிட்டது. தேத்தண்ணி குடித்தால் பாதி சட்டையில். "இனிமே சிசிலி குத்தும், முறையாப் படிச்ச புள்ளை" என்று அவர் உங்களிடம் சொன்னார். என்ன செய்தீர்கள்? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டீர்கள். அவர் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடினார். "திரும்பி வாங்கம்மா! புள்ளை என் மடியில இருக்கும், போதுமா?" என்று கெஞ்சினார். போதும் என்று வந்தீர்கள்.

ஒவ்வொருவராக உள்ளே வருவீர்கள். அழும் பிள்ளையைத் தாய் பார்த்தால் பிள்ளை இன்னும் அழும் என்று, "கோயில் பக்கம் திரும்பி ஆத்தாளைக் கும்பிடுங்க" என்பது அவருடைய பழைய வழக்கம். நீங்கள் திரும்பிக் கும்பிட்டீர்கள். ஐயா நடுங்கும் கையைப் பிள்ளையின் முதுகுக்கடியில் மறைத்துக்கொண்டார். குத்தியது சிசிலி! இரண்டு வருஷமாக இந்தத் தோட்டத்தில் விழுந்த தழும்பெல்லாம் சிசிலி கை போட்டது!

ஏமாற்றினார் என்கிறீர்களா? மடி என்றார், மடியைக் கொடுத்தார். கை என்று அவர் சொல்லவேயில்லை. ஆனாலும் அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. "திருவிழாவுக்கு எல்லாரும் கூடுறப்ப நானே சொல்லிப்புடுறேன் ராமநாதன். நல்ல பேரு அந்தப் புள்ளைக்குப் போகணும்" என்றார். திருவிழாவுக்கு அவர் இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

உங்கள் மடியில் இருக்கும் பிள்ளைகளின் கையைப் பாருங்கள். தழும்பு நன்றாகப் பிடித்திருக்கிறதா? யாருக்காவது ஆத்தா கோபித்தாளா? ஒரு பிள்ளைக்காவது ஒரு குறை வந்ததா? சொல்லுங்கள்!

என்ன அழகம்மை, எழுந்து நிற்கிறீர்கள்? சொல்லுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும்... "பெரிய பேத்திக்கும் சிசிலி குத்தினதுதானா?" என்று கேட்கிறார். ஆமாம் தாயே, அதுவேதான். எங்கே போகிறீர்கள்? பார்த்து... பெஞ்சு இடிக்கும்...

சபையோரே, நீங்களே பார்க்கிறீர்கள். நாகலெட்சுமி மடியிலிருந்த சின்னப் பேத்தியை அழகம்மை தூக்கிக்கொண்டுபோய் சிசிலியம்மா மடியில் வைத்துவிட்டார்.

தலைவர் அவர்கள் ஐயாவின் படத்தைத் திறந்து வைப்பார். திறக்கட்டும், மாலை போடுவோம். ஆனால் அந்த மனிதருக்கு நாம் செய்ய வேண்டிய காரியம் நாளைக் காலை இருக்கிறது. மருந்துப் பையை நான் சுமக்கிறேன், கதவு கதவாக நான் அதட்டுகிறேன். இது இந்தச் சபையில் நான் கொடுக்கும் வாக்கு. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு கலைந்ததும் பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

கோயிலை வரும் வழியிலேயே கும்பிட்டுவிடுங்கள், தாய்மார்களே. உள்ளே வந்தபிறகு யாரும் முகத்தைத் திருப்ப வேண்டாம். குத்துவது யார் கை என்று பார்த்துக்கொண்டே நில்லுங்கள்.