பிறக்காத வேட்பாளர்

நாவற்குடாவில் பஸ் ஏறினேன். முன்னிருக்கையில் ஓர் இளம்பெண்; பக்கத்தில், மடியில் கோப்போடு ஒருவர்.

"அப்ப நான் இன்னும் பிறக்கல்ல. அப்பிடித்தானே, மாமா?"

"இளைஞர் வேட்பாளருக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கட்டாயமாம், புள்ள. அது இல்லையெண்டு நம்மட சுயேச்சைக் குழுவின்ட வேட்புமனு முழுசையும் தள்ளிப்போட்டாங்கள்."

"சுனாமியில போயிற்று எண்டு சொல்லல்லயா?"

"சொன்னன். பன்னிரண்டு மணிக்குள்ள புதுசு எடுத்துக் குடுங்க எண்டாங்கள். அப்ப பதினொண்டே முக்கால்."

சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். சிப்பாய் அவளது அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மீண்டும் ஏறியதும் அவள் சொன்னாள்:

"காலையிலிருந்து இது நாலாவது சாவடி. நாலு பேரும் நான் பிறந்த திகதிய வாசிச்சுப் பாத்துத்தான் விட்டவனுகள், மாமா."