மறைத்த பல்வலி

பெருமழையில் எங்கள் ஊர் ஏரித் தண்ணீர் தெருவுக்குள் வந்து, ஆட்டுக்குட்டிகளைக் கட்டில்மேல் ஏற்றி வைத்தோமே, அதற்கு அடுத்த கோடை. சித்தூரிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். பாகாலாவில் ஒரு புருஷனும் பெண்சாதியும் ஏறி எதிரே உட்கார்ந்தார்கள். அவர் மரம் ஏறி மாங்காய் பறிக்கிறவர், மாரடைப்பு வந்து பிழைத்தவர் என்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது.

“பல்லு வலிக்குதுன்னு டாக்டராண்ட சொல்லிடாத,” என்றார் அவர். அதைக் கேட்டுத்தான் நான் திரும்பிப் பார்த்தேன்.

“ஏன் சொல்லக் கூடாது? உள்ள எங்கியோ வீக்கம் கீதுன்னு ரத்த டெஸ்ட்டுல நம்பரு ஜாஸ்தியா காட்டுது, இதயம் இன்னும் ஆறலியோன்னு அவரு ரோசன பண்ணிக்கினு கீறாரு. வேற எங்கனா சீழு, ஜுரம் கீதான்னு கேட்டாரு. நீ இல்லன்னு தலையாட்டின.”

“இப்பவே மரம் ஏறக் கூடாதுன்றாரு. பல்லும் கெட்டுப்போச்சுன்னா சீசன் பூரா வூட்லயே குந்திக்கினு இருன்னுடுவாரு.”

“யோவ், பல்லாலயா மரம் ஏறுற? பல்லுல சீழு இருந்தாலும் அந்த நம்பரு ஏறுமாம். அதுக்குத்தான் கேட்டாரு. நீ மறச்சா எல்லாம் நெஞ்சாலதான்னு நெனச்சுக்குவாரு. இன்னிக்கு நான் சொல்லத்தான் போறேன்.”

சந்திரகிரி தாண்டும்வரை அவர் தாடையை அழுத்திப் பிடித்தபடி ஜன்னல் வழியே மாந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, நீயே சொல்லிடு,” என்றார் கடைசியில். “அப்படியே, காய் முத்தறதுக்குள்ள இந்தப் பல்லப் புடுங்கிடணும்னும் நான் சொன்னதா சொல்லு.”