அவள் எழுந்திருக்கவில்லை

இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு பிள்ளை மேலும் கை வைத்ததில்லை ஐயா. அடித்துப் பணிய வைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

நான் வேதியியல் வாத்தியார். வகுப்புக்குள் நுழைந்தால் நாற்பது நாற்காலிகளும் ஒன்றாகப் பின்னால் நகரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். வெளியே நான் யாரோ ஒருவன். கடையில் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் சாமான் வாங்கிக்கொண்டு போவார்கள். வீட்டில் மனைவி டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வாள். அதற்கெல்லாம் நான் மனசு கோணியதில்லை.

வருஷத்தின் நடுவில் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். பதினைந்து வயசு. முதல் நாள் எல்லோரும் எழுந்தார்கள், அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். நான் கனிவாகத்தான் கேட்டேன்.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப ஏன் எழுந்திருக்கல?"

"உங்களை எனக்கு இன்னும் தெரியாதே. தெரிஞ்சு, பிடிச்சுதுன்னா எழுந்திருப்பேன்."

திமிராகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

தலைமையாசிரியையிடம் போனேன். "காலம் மாறிடுச்சு, கண்டுக்காதீங்க" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். விட்டுத்தான் இருப்பேன். ஆனால் ஒரு நாள் நான் பாடத்தை முடித்துக் கிளம்பும்போது கணக்கு டீச்சர் உள்ளே வந்தார். அவள் சட்டென்று எழுந்து நின்றாள். விட்டுப்போன பாடங்களை அந்த டீச்சர் சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாராம். ஆக, அவளுக்கு எழுந்து நிற்கத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வாரம் மூன்று பேர் எழவில்லை. அதற்கடுத்த வாரம் பதினொரு பேர். ஒரு தலைமுறையே கையை விட்டுப் போவதை வாத்தியார் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

அவளுக்கு இழுப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். சேர்க்கும்போதே அவள் அம்மா வந்து எல்லா ஆசிரியர்களிடமும் சொன்னார். இன்ஹேலர் எப்போதும் பையில் இருக்கும் என்று எழுதிய கடிதத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். இதை நான் மறைக்கவில்லை.

விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை நடந்த மத்தியானம் பள்ளிக்கூடமே மைதானத்தில் இருந்தது. மைதானத்துப் புழுதி ஆகாது என்பதால் அவள் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாள். "ஆய்வகத்துல பின்னறையில இருக்கிற கண்ணாடிக் குடுவைகளை எடுத்து வாம்மா" என்றேன். மறுபேச்சில்லாமல் போனாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அமில நெடி கொஞ்சம் இருக்கும். அவள் உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"'வணக்கம் சார்'னு சொல்லு. திறந்துடறேன்."

முதலில் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். பிறகு தட்டினாள். பிறகு இருமல் வந்தது.

"என் பை... கிளாஸ்ல இருக்கு."

போய் எடுத்து வந்தேன். இன்ஹேலரை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன், வணக்கம் காதில் விழுந்ததும் தாமதமில்லாமல் கொடுக்கலாமே என்று.

அவள் சொன்னாள் ஐயா. சொல்லவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். "வணக்கம் சார்" என்று மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னாள். ஆனால் அது பயத்தில் வந்த வார்த்தை. பயந்து கொடுப்பதற்குப் பேர் மரியாதையா? அப்படி வாங்கிக்கொள்கிற ஆளில்லை நான்.

"மனசாரச் சொல்லும்மா" என்றேன்.

இரண்டாம் தடவை "சார்" மட்டும் கேட்டது. கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவசரப்படுத்தக் கூடாது என்று இரண்டு விடைத்தாள்களைத் திருத்தினேன். உள்ளே அமைதியாகிவிட்டது. யோசிக்கிறாள் என்று நினைத்து மூன்றாவதையும் எடுத்தேன்.

கதவைத் திறந்தபோது அவள் விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. இன்ஹேலர் என் கையிலேயேதான் இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டதும் நான்தான், திறக்காமல் உட்கார்ந்திருந்ததும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கெட்ட பெண் இல்லை. இன்னும் ஐந்து நிமிஷம் கிடைத்திருந்தால் மனசாரவே சொல்லியிருப்பாள்.