கிளினிக் நாளில் போடாத குளிசை

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் வயதான ஒரு பெண்ணும் அவருடைய தம்பியின் மனைவியும் இருந்தார்கள்.

“கிளினிக் நாளில மட்டும் நான் பிரஷர் குளிசை போடுற இல்ல மச்சி” என்றார் மூத்தவர்.

“என்ன கத ராத்தா இது?”

“அது சலம் போக வைக்கிற குளிசை. போட்டா பாதி வழியில எங்க இறங்குற?”

“அப்ப அங்க பாக்கக்குள்ள பிரஷர் கூடத்தானே காட்டும்?”

“ஓம். டொக்டரும் ஒவ்வொரு முறையும் குளிசையக் கூட்டித் தாறார். மத்த நாள்ல வீட்ட அத ஒழுங்காப் போடுறன். எழும்பினா கண் இருட்டுது. முந்தாநாள் கிணத்தடியில விழுந்துட்டன். அல்லாஹ் காப்பாத்தினான், அந்த நேரம் பேரன் இடுப்பில இல்ல.”

மடியில் தூங்கிய என் மகளை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பாலாவிச் சந்தி தாண்டியதும் இளையவர் அவர் பக்கம் திரும்பினார்.

“இண்டைக்கு டொக்டர்ட்ட உண்மையச் சொல்லுங்க ராத்தா.”

“மகன்ட வயசு அவருக்கு. அவர்ட்டப் போய் இந்தக் கதையச் சொல்றதா?”

“நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன்.”

மூத்தவர் முக்காட்டை இழுத்துவிட்டார்.

“சொல்லுங்க. நான் வெளிய நிக்கிறன்.”

புத்தளத்தில் இறங்கும்போது பிடித்த மூத்தவருடைய முழங்கையை, நடக்கும்போதும் இளையவர் விடவில்லை.